விருத்தாசலம்: இருப்புப்பாதையும் பீங்கானும் வளர்த்த நகரம்

விருத்தாசலம், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள நகரம் ஆகும். சைவ சமயத்தார் இதனைத் திருமுதுகுன்றம் என்று அறிவர். தொடர்வண்டிப் பயணிகளுக்கு இது சென்னை – திருச்சி தடத்தில் உள்ள ஒரு முக்கியச் சந்திப்பு நிலையம். வணிகர்களுக்கோ இது பீங்கான் நகரம். வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்த இந்த மூன்று அடையாளங்களில் முதலாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. மற்ற இரண்டும் இருபதாம் நூற்றாண்டில் உருவானவை. ஒரு கோயில் ஊர் எவ்வாறு இருப்புப்பாதைச் சந்திப்பாகவும், பின்னர்த் தொழில் நகரமாகவும் மாறியது என்பதே இந்நகரின் அண்மைக்கால வரலாறு.

பெயரும் பழமையும்

‘விருத்தம்’ என்றால் முதுமை, ‘அசலம்’ என்றால் மலை. திருமுதுகுன்றம், பழமலை ஆகிய தமிழ்ப் பெயர்களின் வடமொழி வடிவமே விருத்தாசலம். இன்று ஊரில் குறிப்பிடத்தக்க குன்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உலகில் முதலில் தோன்றிய மலை இதுவே என்றும், அது பூமிக்குள் அழுந்திவிட்டது என்றும் தலபுராணம் கூறுகிறது.

இங்குள்ள பழமலைநாதர் கோயில் நடுநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்று. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சுந்தரர் இங்கு இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்னும் கதை பெரியபுராணம் வழியாகப் புகழ் பெற்றது. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி இக்கோயிலுக்குக் கற்றளித் திருப்பணி செய்தார். தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிச் சென்று வழிபடும் ஆழத்துப் பிள்ளையார் சன்னிதி இக்கோயிலின் தனிச்சிறப்பு. மாசிமகம் இங்கு நடைபெறும் பெரிய விழாவாகும். ஊருக்கு அருகே மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில், தம் குறையைத் தாளில் எழுதிக் கட்டும் ‘பிராது கட்டுதல்’ என்னும் வழக்கம் இன்றும் உள்ளது.

வழித்தடத்தில் இருந்த ஊர்

கடலூர்க் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் செல்லும் வழியில் விருத்தாசலம் இருந்தது. உயர்ந்த மதில்களைக் கொண்ட கோயில், போர்க்காலங்களில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1751ஆம் ஆண்டு, கர்நாடகப் போர்களின்போது, கடலூர் அருகேயுள்ள புனித டேவிட் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு துணைப்படையை அனுப்பினர். இராபர்ட் கிளைவும் பிகட்டும் அப்படையுடன் விருத்தாசலம் வரை வந்தனர். சிறு காவலுடன் கடலூருக்குத் திரும்பும் வழியில் பாளையக்காரர் ஒருவரின் ஆட்களால் அவர்கள் தாக்கப்பட்டு உயிர் தப்பினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முக்கியத்துவம் குறைந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெரிய சாலை விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியாகச் சென்றது. விருத்தாசலம் அதிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் விலகி நின்றது. 1870களின் இறுதியில் அமைந்த முதல் இருப்புப்பாதையும் இவ்வூரைத் தொடவில்லை. அது விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் எனக் காவிரிப் படுகையின் நெல் ஊர்களைத் தொட்டுக்கொண்டு திருச்சியை அடைந்தது. அக்காலத்தில் விருத்தாசலம் ஒரு வட்டத் தலைநகர், கோயில் ஊர், சுற்றுப்புற உழவர்களின் சந்தை என்ற அளவிலேயே இருந்தது.

கார்டு லைன்

படுகை வழியாகச் செல்லும் பாதை வளைந்து செல்வது. சென்னையிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் செல்வோர் தஞ்சாவூரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகத் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை ஒன்றை அமைத்தது. 1920களின் இறுதியில் இது பயன்பாட்டுக்கு வந்தது. பழைய தஞ்சாவூர்ப் பாதை ‘மெயின் லைன்’ என்றும், புதிய பாதை ‘கார்டு லைன்’ என்றும் அழைக்கப்பட்டன. வட்டத்தின் வில்லுக்குக் குறுக்கே கட்டிய நாண் போன்றது என்பதே ‘கார்டு’ என்னும் சொல்லின் பொருள். இதனால் விழுப்புரம் – திருச்சி தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறைந்தது.

பெயரில் மெயின் லைன் முதன்மை பெற்றிருந்தாலும், நாளடைவில் தென்மாவட்ட விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை கார்டு லைனுக்கு மாறின. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கும் மதுரைக்கும் இடையே தொடங்கப்பட்ட வைகை விரைவு வண்டியும் இவ்வழியே ஓடியது. பெருஞ்சாலை தராத இடத்தை இருப்புப்பாதை விருத்தாசலத்துக்குத் தந்தது.

இப்பாதைக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று, பெருமழையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் சேதமடைந்திருந்த நிலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பொறுப்பேற்று அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

நான்கு திசைச் சந்திப்பு

கார்டு லைன் மட்டும் வந்திருந்தால் விருத்தாசலம் வழியில் உள்ள நிலையங்களில் ஒன்றாகவே இருந்திருக்கும். கிழக்கே கடலூர்த் துறைமுகத்தையும், மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தையும் இணைக்கும் பாதைகள் இங்கே கார்டு லைனைச் சந்தித்தன. இதனால் கடற்கரை, கொங்குப் பகுதி, காவிரிக்கரை, தலைநகர் ஆகிய நான்கு திசைகளுக்கும் வண்டி பிடிக்கக்கூடிய இடமாக விருத்தாசலம் ஆனது.

நீராவி எஞ்சின் காலத்தில் சந்திப்பு நிலையம் என்பது ஒரு தொழிலிடம் போன்றது. எஞ்சினுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் வேண்டும். சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். ஓட்டுநர், கார்டு, நிலைய அதிகாரி, பாதைப் பராமரிப்பாளர், சுமைதூக்குவோர் எனப் பல வகைப் பணியாளர்கள் வேண்டும். அவர்களுக்குக் குடியிருப்பும், வண்டி மாறக் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் வேண்டும். கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளாக இருந்த ஊர் இரயில் நிலையத்தை நோக்கி நீளத் தொடங்கியது. நகரையும் நிலையத்தையும் இணைக்கும் சாலை இன்றும் ‘ஜங்ஷன் ரோடு’ என்றே வழங்குகிறது.

விளைபொருள் வணிகமும் இதனால் வலுப்பெற்றது. விருத்தாசலம் வட்டாரத்தின் செம்மண் மேட்டுநிலங்களில் நிலக்கடலை, எள், முந்திரி ஆகியனவும், ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள இடங்களில் நெல், கரும்பு, உளுந்து ஆகியனவும் விளைகின்றன. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் மாவட்டத்தின் முக்கியச் சந்தைகளுள் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கு உள்ளது. அது வெளியிட்ட முந்திரி, நிலக்கடலை இரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி ‘விஆர்ஐ’ என்ற முன்னொட்டுடன் அழைக்கப்படுகின்றன.

இருப்புப்பாதை நகரங்களின் பொதுச் சிக்கல்

இருப்புப்பாதையால் எழுந்த ஊர்கள் உலகெங்கும் உண்டு. அவற்றுள் பெரும்பாலோர் அறிந்தவை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள மாட்டுச் சந்தை நகரங்கள். கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் 1867க்கு முன் சில குடிசைகள் கொண்ட சிற்றூராக இருந்தது. அங்கு இருப்புப்பாதை வந்ததும், ஜோசப் மெக்காய் என்னும் வணிகர் நிலையத்தருகே மாட்டுத் தொழுவங்களை அமைத்தார். டெக்சாஸிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவரப்பட்ட மாடுகள் அங்கிருந்து வண்டியேறிக் கிழக்கு நகரங்களுக்குச் சென்றன. ஆனால் பாதை மேலும் நீண்டு வேறு நிலையங்கள் தோன்றியபோது, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அவ்வணிகம் அபிலீனை விட்டு நகர்ந்தது. பின்னர் அந்த இடத்தைப் பெற்ற டாட்ஜ் சிட்டியும் 1880களின் நடுப்பகுதிக்குப் பின் மாட்டு வணிகத்தை இழந்தது.

தன் வழியே கடந்து செல்லும் பொருளை மட்டும் நம்பிய ஊர், அப்பொருள் வழி மாறினால் வாழ்விழக்கும் என்பதை இந்நகரங்கள் காட்டின. சந்திப்பு நிலையத்தில் வண்டிகள் நிற்கும்வரைதான் பயன். விருத்தாசலத்துக்குக் கோயிலும் உழவர் சந்தையும் முன்பே இருந்தன. அவற்றுடன் தன் மண்ணிலிருந்தே எழுந்த ஒரு தொழிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேர்ந்தது.

நெய்வேலியும் வெள்ளைக் களிமண்ணும்

விருத்தாசலத்துக்குக் கிழக்கே, கடலூர்ப் பாதையில் நெய்வேலி உள்ளது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1960களின் தொடக்கத்தில் நிலக்கரியும் மின்சாரமும் கிடைக்கலாயின.

இது திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரியை அடைவதற்கு அதன் மேலுள்ள மணற்பாறை, மணல், களிமண் அடுக்குகளை முழுவதுமாக அகற்ற வேண்டும். அவ்வாறு அகற்றப்படும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. சுரங்கத்துக்கு அது கழிவு. பீங்கான் தொழிலுக்கோ அதுவே முதன்மை மூலப்பொருள். நெய்வேலி நிறுவனம் களிமண்ணைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலை ஒன்றையும் நடத்தியது.

பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. களிமண் கலவைக்கு வடிவம் தாங்கும் பிசுபிசுப்பைத் தருகிறது. குவார்ட்ஸ் என்னும் வெண்கல் உறுதியைத் தருகிறது. பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் சூளையின் வெப்பத்தில் உருகி மற்ற இரண்டையும் பிணைக்கிறது. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் மேற்கே சேலம், நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் கிடைக்கின்றன. கிழக்கே களிமண்ணும் மேற்கே கனிமங்களுமாக இருக்க, இரண்டு திசைகளோடும் இணைப்புள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கு ஏற்ற இடமாக அமைந்தது.

அரசு அமைத்த தொழில்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் பெரும் முதலாளிகளால் தோன்றியதன்று. விடுதலைக்குப் பின் தமிழக அரசு பின்பற்றிய சிறுதொழில் கொள்கையின் விளைவு அது. காமராசர் அமைச்சரவையில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. நிலம், கட்டடம், மின்சாரம் ஆகியவற்றை அரசு ஓரிடத்தில் ஏற்படுத்தித் தந்தால் சிறு முதலீட்டாளரும் தொழில் தொடங்கலாம் என்பதே அதன் அடிப்படை. அதே வழியில் விருத்தாசலத்திலும் பீங்கானுக்கென்று தொழிற்பேட்டை அமைந்தது.

இதனுடன் மூன்று வகை ஆதரவுகள் இணைந்தன. முதலாவது, தொழில் வணிகத் துறையின் கீழ் இயங்கும் அரசு பீங்கான் மையம். பீங்கான் தொழிலில் மிகுந்த செலவு பிடிப்பது சூளை. தனியே சூளை கட்ட இயலாத சிறு தொழில்முனைவோர், தாம் வார்த்த பொருளைப் பொதுச் சூளையில் கட்டணம் செலுத்திச் சுட்டுக்கொள்ள இத்தகைய மையம் வழி செய்தது. இரண்டாவது, பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசு கல்வி நிறுவனம். தமிழ்நாட்டில் இத்துறைக்கெனத் தனிக் கல்லூரி ஒரு சிறு நகரில் அமைந்தது குறிப்பிடத்தக்கது. மூன்றாவது, அரசுடைமையான பெரிய ஆலை. தமிழ்நாடு பீங்கான் நிறுவனம் ‘டாசெல்’ என்ற பெயரில் இங்குத் தொழில் நடத்தியது. கழிவுநீர்க் குழாய்களுக்கான ஸ்டோன்வேர் குழாய் ஆலை பின்னர்த் தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் கீழ் வந்தது.

மண், தொழில்நுட்பம், சூளை, சந்தைக்குச் செல்லும் பாதை ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்ததால் சிறு கூடங்கள் பல தோன்றின. மின்சாரம் ஊர்தோறும் பரவிய காலம் அது. வீட்டு மின்பலகைக்குத் தேவையான பியூஸ் கட்டைகள், மின்காப்பான்கள் ஆகியவற்றுக்குப் பெரும் தேவை இருந்தது. ஊறுகாய்ச் சாடி, தேநீர்க் கோப்பை, பூச்சாடி, அகல் விளக்கு, பொம்மை ஆகியனவும் இங்கு உருவாயின.

பொம்மை உருவாகும் முறை

விருத்தாசலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. களிமண்ணும் பிற கனிமப் பொடிகளும் தண்ணீருடன் சேர்த்து அரைக்கப்பட்டு, தயிர் போன்ற குழம்பாக்கப்படும். இக்குழம்பு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றப்படும். அச்சு தன்னருகே உள்ள குழம்பின் நீரை உறிஞ்சுவதால், உட்சுவரை ஒட்டி ஒரு படலம் கெட்டிப்படும். தேவையான தடிப்பு வந்ததும் மீதிக் குழம்பை வெளியே கொட்டிவிடுவர். அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றிடமுள்ள பொம்மை கிடைக்கும். அச்சின் இணைப்புத் தழும்புகளைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குவர். சுட்டெடுத்தபின் வண்ணம் தீட்டுவர், அல்லது கண்ணாடி போன்ற மெருகுப்பூச்சு பூசி மீண்டும் சுடுவர்.

பியூஸ் கட்டை போன்ற மின்பொருள்கள் ஈரம் குறைந்த மண்பொடியை இரும்பு அச்சில் அழுத்திச் செய்யப்படுபவை. அவற்றுக்கு 1,200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. சூளையின் வெப்பம் சீராக இல்லாவிட்டால் பொருள் கோணும் அல்லது விரிசல் விடும். ஒரு சுடுதலில் பிழை நேர்ந்தால் பல நாள் உழைப்பு வீணாகும். வார்த்தல், சீவுதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய பணிகளில் பெண்கள் பெருமளவில் ஈடுபடுகின்றனர். நவராத்திரிக்கு முன் கொலுப் பொம்மைகளும், கார்த்திகைத் தீபத்துக்கு முன் அகல் விளக்குகளும் செய்வதால் அம்மாதங்களில் வேலை மிகும். மழைக்காலத்தில் பொருள்கள் உலர நாளாவதால் வேலை குறையும்.

நெருக்கடிகள்

எந்தப் பொருள்களால் தொழில் வளர்ந்ததோ அவற்றின் இடத்தை வேறு பொருள்கள் பிடித்தன. கழிவுநீர்க் குழாயில் பிவிசி குழாய் வந்தது. ஊறுகாய்ச் சாடிக்குப் பதில் நெகிழிப் புட்டி வந்தது. வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதில், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சுகள் பொருத்தப்பட்டன. கோப்பைகளில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும், தரை ஓடுகளில் குஜராத்தின் மோர்பியும் பெரும் உற்பத்தி மையங்களாயின. மோர்பி ஆலைகள் ஒரே நாளில் செய்யும் அளவைச் சிறு கூடங்கள் எட்ட இயலாது. பொம்மைகளிலும் அலங்காரப் பொருள்களிலும் சீன இறக்குமதியின் போட்டி இருந்தது. எரிபொருள் விலையும் மூலப்பொருள் விலையும் உயர்ந்தபோது சிறு கூடங்களின் ஆதாயம் சுருங்கியது.

எனினும் தொழில் முற்றிலும் மறையவில்லை. பெரிய ஆலைகள் கைவைக்காத சிறு பொருள்களே அதனைத் தாங்குகின்றன. பருவத்துக்கு ஒருமுறை வேண்டப்படும் அகல் விளக்கையும், வடிவம் அடிக்கடி மாறும் பொம்மையையும் சிறு கூடமே எளிதில் செய்ய முடியும். புதிய அச்சு ஒன்றைச் செய்தால் புதிய பொருளுக்கு மாறிவிடலாம். ஆனால் இந்த நெகிழ்வுக்கு அடிப்படை பொதுச் சூளையும் பயிற்சியும். அவை செயல்படாமற்போனால் தனித்தனிக் கூடங்களால் நெடுங்காலம் நிற்க இயலாது.

அகலப் பாதைக்குப் பின்

1992இல் இந்திய இரயில்வே ஒரே அகலப் பாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி 1990களின் இறுதியிலும் 2000களிலும் கார்டு லைனும், கடலூர், சேலம் பாதைகளும் மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்றப்பட்டன. பணி நடந்த ஆண்டுகளில் கிளைப் பாதைகளில் வண்டிகள் நிறுத்தப்பட்டதால் மக்கள் பேருந்துகளுக்கு மாறினர். பாதை திரும்பத் திறந்தபின், பெட்டியிலிருந்து பெட்டிக்குச் சரக்கை மாற்றாமலே நாட்டின் எப்பகுதிக்கும் அனுப்ப வழி ஏற்பட்டது. கார்டு லைன் பின்னர் மின்மயமாகவும் இரட்டைப் பாதையாகவும் ஆனது. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் கூடின.

வேகத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நீராவி எஞ்சின் தண்ணீருக்காகவாவது நிற்க வேண்டியிருந்தது. மின்சார எஞ்சினுக்கு அத்தேவை இல்லை. விரைவு வண்டிகள் சில விருத்தாசலத்தில் நிற்காமலே கடக்கின்றன. எந்த வண்டிக்கு நிறுத்தம் உண்டு என்பது ஊர் மக்களுக்கும் வணிகர்களுக்கும் முக்கியமான கேள்வியாக இருப்பது இதனால்தான்.

இன்றைய நகரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விருத்தாசலம் நகராட்சியில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இந்நகரம் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. 2006 சட்டமன்றத் தேர்தலில் நடிகர் விஜயகாந்த் இங்கு வெற்றி பெற்றபோது தொகுதி மாநில அளவில் பேசப்பட்டது. இவ்வட்டாரத்தின் வாழ்க்கையும் பேச்சும் தமிழ் இலக்கியத்திலும் இடம்பெற்றுள்ளன. எழுத்தாளர் இமையம் விருத்தாசலத்தில் வாழ்பவர். அருகேயுள்ள மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், நடுநாட்டு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி வெளியிட்டவர்.

கோயில் இவ்வூருக்குப் பெயரைத் தந்தது. இருப்புப்பாதை நான்கு திசைத் தொடர்பைத் தந்தது. ஆனால் அந்தத் தொடர்பின் வழியே அனுப்புவதற்கென்று ஊருக்குச் சொந்தமான பொருளைத் தந்தது களிமண்ணே. சுரங்கம் கழிவாக ஒதுக்கிய மண்ணை அரசின் சூளையும் பள்ளியும் தொழிலாக மாற்றின. விருத்தாசலம் இனியும் பீங்கான் நகரம் என்று அழைக்கப்படுமா என்பது, அந்தச் சூளைகள் தொடர்ந்து எரிவதையும், அக்கல்லூரியில் பயிலும் மாணவர்கள் தம் கல்விக்கு இந்த ஊரிலேயே வேலை காண்பதையும் பொறுத்தது.